மீனுக்குப் புண் வந்தால் மஞ்சள் டப்பாவைத் தேடாதீர்கள்

பாலித்தீன் பைக்குள் ஒரு தங்கமீன். வயிற்றோரம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். செதில் போய், தோலும் போய், சிவந்த சதை தெரிகிறது. பையிலிருக்கும் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. “எத்தனை நாளாச்சு?” என்று கேட்டால், “பத்து நாள் இருக்கும் டாக்டர். மஞ்சள் போட்டோம், காப்ஸ்யூலும் போட்டாச்சு” என்கிறார்கள். என்னிடம் வரும் வண்ண மீன்களில் பல இந்த நிலையில்தான் வருகின்றன. முதல் நாள் ஒரு செதில் தூக்கி நின்றிருக்கும், இல்லையென்றால் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்திருக்கும். அன்றைக்கே தண்ணீரைக் கவனித்திருந்தால் பல மீன்கள் மருந்தே இல்லாமல் தேறியிருக்கும்.

மஞ்சள், வேப்பிலை, காப்ஸ்யூல்

மஞ்சள் நம் கைக்காயத்துக்குப் பழகிய மருந்து என்பது சரி. ஆனால் மீன் அந்தத் தூள் கலந்த தண்ணீரில்தான் மூச்சுவிட வேண்டும். தூள் சரியாகக் கரையாமல் செவுளில் படிகிறது, மீதி அடியில் தங்கி அழுகுகிறது. வேப்பிலையை அரைத்து ஊற்றுவது இன்னும் ஆபத்து. அளவு கூடினால் வேப்பஞ்சாறு மீனுக்கு நஞ்சு.

அடுத்தது, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் டெட்ராசைக்ளின் காப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது. போர் தண்ணீர் பெரும்பாலும் கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், மீனின் உடம்புக்குள் போவது சொற்பம். ஆனால் ஆன்டிபயாடிக்குகள் ஃபில்டர் பஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியாக்களைக் கெடுக்கக்கூடும். அவை போனால் அம்மோனியா ஏறும், ஏற்கெனவே புண்பட்ட தோல் மேலும் எரியும். சாக்கடையில் கொட்டும் மிச்சத் தண்ணீரோ மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

“தண்ணியை மொத்தமா மாத்தி, ஃபில்டரையும் குழாயில நல்லா கழுவிட்டேன்” என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்த நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும்.

தினமும் வலையில் பிடித்துப் புண்ணைப் பஞ்சால் துடைப்பது இன்னொரு கொடுமை. மீனின் புண் நம் புண்ணைப் போலப் பொருக்குக் கட்டி ஆறுவதில்லை. சுற்றியுள்ள மேல்தோல் செல்கள் நகர்ந்து வந்து மெல்லிய படலமாக மூடும். சின்னக் காயம் ஒரே நாளில்கூட மூடிவிடும். துடைக்கிறபோது அந்தப் படலத்தைத்தான் உரிக்கிறோம், உடம்பின் வழும்பும் சேர்ந்து போகிறது. ஆறிவரும் புண்ணின் விளிம்பில் சில சமயம் கறுப்புப் படரும். புது நோய் என்று பயந்து மறுபடியும் மருந்து ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் அது ஆறுவதற்கான அடையாளம்.

உப்பு எதற்கு, எவ்வளவு

நன்னீர் மீனுக்குத் தோல் திறந்துவிட்டால் வெளித்தண்ணீர் உடம்புக்குள் ஏறும், உடம்பின் உப்பு வெளியேறும். இந்தச் சுமையிலேயே பல மீன்கள் சாகின்றன. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை கல் உப்பு போட்டால் சுமை குறையும். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். தனி வாளியில் கரைத்து, ஒரு நாளில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் தண்ணீரைச் சேருங்கள், உப்பு ஆவியாவதில்லை. செடிகளுக்கும் சில கெளுத்தி வகைகளுக்கும் உப்பு ஆகாது. அதனால் புண்பட்ட மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றிச் செய்யுங்கள்.

உப்பு மட்டும் போதாது, தொட்டித் தண்ணீரில் அம்மோனியா, நைட்ரைட் சோதனையும் அவசியம். மீனை என்னிடம் கொண்டுவந்தால் அதன் வழும்பை நுண்ணோக்கியில் பார்ப்போம்.

தட்டையாக ஊர்ந்து திரியும் மீன் பேனோ, நூல்போலத் தொங்கும் நங்கூரப் புழுவோ ஒட்டியிருந்தால் அதை ஒழிக்காமல் எந்தப் புண்ணும் ஆறாது. ஏரோமோனாஸ் பாக்டீரியா தண்ணீரில் எப்போதும் இருப்பதுதான், மீன் சோர்ந்தால் புண்ணுக்குள் இறங்கும். ஆழமான புண்ணுக்கு ஊசியோ மருந்து கலந்த தீவனமோ தேவைப்படும். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் வாங்கினாலும் தெருமுனைக் கடையில் வாங்கினாலும் புது மீனை 3, 4 வாரம் தனியே வையுங்கள். இது ஒன்றைச் செய்தாலே போதும், எத்தனையோ தொட்டிகள் தப்பும். கூர்மையான கல், பிளாஸ்டிக் அலங்காரம் வேண்டாம். இரண்டு ஃப்ளவர்ஹார்ன் மீன்களை ஒரே தொட்டியில் விடாதீர்கள், கடித்துக்கொள்ளும். வாரம் கால்பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், குளோரின் நீக்கிய தண்ணீராக ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

உங்கள் கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். மைகோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி காயம் வழியே புகுந்தால், மாதக்கணக்கில் ஆறாத கட்டிகள் வரும். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கவே கூடாது.

சிவப்புப் புள்ளி தெரிந்த அன்றைக்கே வாருங்கள். மீனைத் தொட்டித் தண்ணீரிலேயே பையில் போட்டு, பாதிக்கு மேல் காற்று விட்டுக் கட்டுங்கள். மருந்து எதையும் கலக்காத தொட்டித் தண்ணீரைத் தனிப் பாட்டிலில் எடுத்து வாருங்கள். இதுவரை என்னென்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டமாட்டேன்.