குடிக்கிற பொடியில் துணிக்குச் சாயம்!

அங்கோரா வெள்ளாட்டின் உரோமத்தில் நெய்யப்படும் மோஹேர் துணி விலை மிகுந்தது. அமெரிக்காவில் கரடிப் பொம்மை தைப்போர் சிலர், 1927-ல் நெப்ராஸ்காவில் பிறந்த 'கூல்-எய்ட்' பானப் பொடியைக் கொண்டு வீட்டிலேயே அதற்குச் சாயமேற்றுகின்றனர். பொடியிலுள்ள நிறத்தைச் சிட்ரிக் அமிலமும் சூடும் உரோமத்தோடு பிணைத்து விடுகின்றன.

சர்க்கரை சேராத பொடியே ஏற்றது. இல்லையேல் துணி பிசுபிசுக்கும். நனைத்த துணியைச் சாய நீரில் அமிழ்த்தி, கொதிக்க விடாமல் சூடாக்க வேண்டும். நீர் தெளிந்தால் நிறம் ஏறிவிட்டது என்று பொருள். தானாக ஆறிய பின்பே அலச வேண்டும். அவசரப்பட்டுக் குளிர்நீரில் போட்டால் உரோமம் சிக்குப் பிடித்துவிடும்.

பொம்மைத் துணியின் அடிப்பாகம் பெரும்பாலும் பருத்தி. அதில் இச்சாயம் நிற்காது. உரோமம் சிவந்தாலும் அடி வெளுத்தே இருக்கும். தையலோரம் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே முதலில் ஒரு சிறு துண்டில் சோதித்துப் பார்ப்பதே பணத்தைக் காக்கும்.