ரப்பர் பால் கையுறையாவது எப்படி?

மருத்துவமனையில் தாதி நமக்கு ஊசி போடுமுன் மெல்லிய கையுறை ஒன்றை மாட்டிக்கொள்கிறார். வேலை முடிந்ததும் கழற்றி எறிந்துவிடுகிறார். சில நிமிடங்களே பயன்படும் இந்தப் பொருளை உலகுக்கு அதிகமாக அளித்துவரும் நாடுகளில் ஒன்று மலேசியா. நம் முன்னோர் விடியற்காலையில் மரம் சீவி எடுத்த அதே ரப்பர் பால்தான் இதற்கு மூலப்பொருளாக அமைந்தது. அந்தப் பால் எப்படிக் கையுறையாகிறது?

மங்கில் வடியும் பாலில் ஏறத்தாழ 30 விழுக்காடுதான் ரப்பர். மற்றது பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் ஷீட் போட வேண்டுமானால் அமிலம் ஊற்றிப் பாலை உறைய வைப்பார்கள். கையுறைக்கு அது உறையவே கூடாது. ஆகவே அம்மோனியா கலந்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் விட்டு, 60 விழுக்காடு ரப்பர் உள்ள கெட்டிப் பாலாக்குகிறார்கள். அதில் கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் வேறு சில இரசாயனங்களும் சேர்க்கப்படுகின்றன.

தொழிற்சாலையில் கை வடிவப் பீங்கான் அச்சுகள் சங்கிலியில் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். நன்கு கழுவப்பட்ட அச்சு முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முங்கி எழுந்து, காய்ந்து, பிறகு பால் தொட்டியில் இறங்குகிறது. அச்சின் மேல் படிந்துள்ள கால்சியம், தன்னைத் தொடும் பாலை உறைய வைத்து மெல்லிய தோலாக ஒட்டச் செய்கிறது. அடுத்து வெந்நீர்க் குளியல். அதன் பின் சூடான அடுப்பு. அடுப்பின் வெப்பத்தில் கந்தகம் ரப்பர் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் குணம் அப்போதுதான் உறுதிப்படுகிறது.

இவற்றில் சாதாரணமாகத் தோன்றும் வெந்நீர்க் குளியல்தான் பல உயிர்களோடு தொடர்புடையது. ரப்பர் பாலில் இயற்கையான புரதங்கள் உள்ளன. சரியாகக் கழுவாவிட்டால் அவை கையுறையிலேயே தங்கிவிடும். எய்ட்ஸ் அச்சம் பரவியிருந்த 1987இல், எல்லா நோயாளிகளின் இரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே கருதிக் கையாளும்படி அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் பரிந்துரைத்தது. கையுறையின் தேவை பன்மடங்கு பெருகியது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் தாதியர், மருத்துவர் பலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் ஏற்பட்டன. சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தானது. எளிதில் மாட்டுவதற்காகத் தூவிய மாவு, அந்தப் புரதங்களைக் காற்றிலும் பரப்பியது. மாவு தூவிய மருத்துவக் கையுறைகளுக்கு அமெரிக்கா விதித்த தடை 2017 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. இன்று, ரப்பர் பாலின் புரதம் இல்லாத நைட்ரில் என்னும் செயற்கை ரப்பர் கையுறைகளே பெருமளவில் பயன்படுகின்றன.

இனி ஓட்டைப் பரிசோதனை. மாதிரிக்கு எடுத்த கையுறையில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, 2 நிமிடம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு கையுறையையும் இப்படிச் சோதிக்க இயலாது. ஆகவே ஓட்டை உள்ளவை நூற்றுக்கு எத்தனை வரை பொறுத்துக்கொள்ளப்படும் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நோயாளியைப் பரிசோதிக்கும் கையுறைக்கு ஐரோப்பிய அளவு 1.5, அமெரிக்க அளவு 2.5.

நேயர்களே, இதன் பொருள் என்ன? நல்ல தொழிற்சாலையில் செய்த பெட்டியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையுள்ள கையுறை ஒன்றிரண்டு இருக்கலாம். எனவே வீட்டில் முதியவரையோ நோயாளியையோ பராமரிப்பவர்கள், கையுறையைக் கழற்றியதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவியாக வேண்டும். ரப்பர் கையுறையோ பலூனோ பட்டால் அரிப்பு எடுப்பவர்கள், பல் பிடுங்கும் முன்பும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கையுறை நல்ல பாதுகாப்புத்தான். ஆனால் அது கை கழுவுவதற்கு மாற்று அல்ல.