மைக்கைப் பிடிக்கலாம்... முதல்ல காதைக் கொடுங்க!

கல்யாணமாகாத இருபத்து நாலு வயசுப் பையனை ‘ஓல்டு மேன்’ என்று கூப்பிடும் ஒரே இடம் ஹாம் ரேடியோதான்! லைசென்ஸ் வாங்கி, சொந்த வயர்லெஸ்ஸில், பைசா லாபமில்லாமல் பேசுகிற கூட்டம் நாங்கள். எங்கள் பாஷையில் ஆண்கள் எல்லாரும் ‘ஓல்டு மேன்’. பெண்கள், பாட்டியே ஆனாலும் ‘யங் லேடி’. மனைவிக்கு மட்டும் ‘எக்ஸ் யங் லேடி’. வீட்டில் சொல்லிப் பார்க்காதீர்கள்!

நானும் ஆபீஸ் வேலைக்கு நடுவே ‘ஓல்டு மேன்’ ஆனவன்தான். உபயம், மோர்ஸ் கேட்காத ‘ரெஸ்டிரிக்டட்’ லைசென்ஸ்.

அதற்கு முன்னால் தந்தி ஆபீஸ்காரர் மாதிரி ‘கட்டுக் கட’ தெரியணும். பழைய கிரேடு-2 லைசென்ஸுக்கு நிமிஷத்துக்கு 5 வார்த்தை, கிரேடு-1க்கு 12. “அஞ்சுதானே?” என்று சிரிக்காதீர்கள். வார்த்தைக்கு ஐந்து எழுத்து கணக்கு. நிமிஷத்துக்கு 25 எழுத்தைக் காதால் பிடித்து எழுதணும். கண்டக்டர் விசில்கூட மோர்ஸாகக் கேட்க ஆரம்பித்துவிடும்!

30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சிற்றலை, வானத்தில் பட்டுத் திரும்பிக் கண்டம் தாண்டும். அங்கே பேச மோர்ஸ் கட்டாயம் என்று சர்வதேச விதி இருந்தது. அதற்கு மேலே இருக்கிற வி.எச்.எஃப். நேர்க்கோட்டில் போகிற சமாச்சாரம். அங்கே விதியைத் தளர்த்த இடம் இருந்தது. அமெரிக்காவும் 1991-ல் மோர்ஸ் இல்லாத டெக்னீஷியன் லைசென்ஸ் கொடுத்தது.

நம் நாட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ்தான் எங்கள் அரட்டைத் திண்ணை. கையில் ஐந்து வாட் செட். நைட் லேம்ப் அளவு பவர். மலையிலோ உயரமான கட்டடத்திலோ இருக்கும் ‘ரிப்பீட்டர்’ நம் குரலை வாங்கி, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளித் திருப்பி அனுப்பும். ஊரையே தாண்டலாம். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏற்றிப் போன ‘ஹாம்சாட்’, எங்களுக்கென்றே வந்த செயற்கைக்கோள். 2014 வரை அதன் குரலை 145 மெகாஹெர்ட்ஸில்தான் கேட்டோம்!

இதற்கிடையே 2003-ல் சர்வதேச மாநாடு, “மோர்ஸ் வேணுமா வேண்டாமா, அந்தந்த நாடு முடிவு பண்ணிக்கட்டும்” என்றது. அமெரிக்கா 2007-ல் மோர்ஸ் பரீட்சையையே தூக்கிவிட்டது. இந்தியா 2009-ல் விதியைத் திருத்தி, கிரேடுகளை ஜெனரல், ரெஸ்டிரிக்டட் என்று இரண்டாகச் சுருக்கியது. ஜெனரலுக்கு நிமிஷத்துக்கு 8 வார்த்தை. ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே பேரம் படிந்த மாதிரி!

“மோர்ஸ் தெரியாதவனெல்லாம் ஹாமா? தரம் போச்சு தம்பி!” என்று பெரியவர்கள் புலம்புவதை நிறையக் கேட்டாச்சு. அதில் பாதி நியாயம் உண்டு. மோர்ஸ் கற்றுக் கொடுத்தது வேகத்தை அல்ல, பொறுமையாகக் கேட்பதை. அந்தப் பழக்கம் இல்லாத ஹாம்தான் ஆபத்து.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்போன் செத்துப் போனது ஞாபகமிருக்கிறதா? அப்படி ஒரு ராத்திரியில் ரிப்பீட்டர் மட்டும் உயிரோடு இருக்கிறது என்று வையுங்கள். அதில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். “ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் தீரப் போகுது” என்று எங்கிருந்தோ ஒரு மெல்லிய குரல் வருகிற அதே விநாடியில், நீங்கள் பட்டனை அழுத்தி “ஹலோ, டெஸ்டிங்” என்றால்... அந்தச் செய்தி அங்கேயே முடிந்தது.

இப்போது செட்டு ஆன்லைனில் வீடு தேடி வருகிறது. வாங்கிய ரசீது லைசென்ஸ் ஆகாது சார்! ரேடியோ தத்துவம், விதிமுறை இரண்டையும் படித்துப் பரீட்சை எழுதுங்கள். பாஸானதும், பட்டனைத் தொடுவதற்கு முன்னால் கேட்டுப் பழகுங்கள்.

மேனேஜர் முன்னால் வாய் திறக்காமல் நின்று பழகியவர்களுக்குப் பாதி டிரெயினிங் ஏற்கெனவே முடிந்துவிட்டது!