கல் மாதிரி இருக்கும் பிரேக் ஏன் நிற்பதில்லை?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். சைக்கிளில் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் அதற்கு முன்பே பிரேக்கைச் சரிபார்த்துவிட வேண்டும். இந்த நேரத்தில் வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கடையில் கொடுத்து டைட் வைத்தாயிற்று, லீவரைத் தொட்டாலே கல் மாதிரி இருக்கிறது, ஆனாலும் வண்டி நிற்கவில்லை என்கிறார்கள்.

கல் மாதிரி இருப்பதே வண்டி நிற்காததற்குக் காரணமாக இருக்கலாம்.

கடப்பாரையால் பாறையை நெம்புகிறவரைப் பார்த்தால் இது விளங்கும். கைப்பக்கம் ஒரு முழம் இறங்கும். பாறை விரற்கடை அளவே எழும். தூரத்தை இழந்துதான் பலம் கிடைக்கிறது. பிரேக் லீவருக்கும் இதே கணக்குதான். விரல் நிறைய இழுத்து, கட்டை கொஞ்சமாக நகர்ந்தால் ரிம்மின் மீது அழுத்தம் அதிகம். விரல் கொஞ்சம் இழுத்ததுமே கட்டை ஓடிவந்து ஒட்டிக்கொண்டால் அழுத்தம் குறைவு.

விரலுக்குத் தெரிவதோ இதற்கு நேர்மாறு. நெம்புபலம் கூடிய பிரேக்கில் ரப்பர் நசுங்குவதும் வயர் இழுபடுவதும் பல மடங்காகப் பெருகி லீவரில் தெரியும். அதனால் பிடி கொழகொழவென்று இருக்கும். நெம்புபலம் குறைந்த பிரேக்கில் அந்த நசுங்கல் விரலுக்கு எட்டாது, பிடி கெட்டியாக இருக்கும். வண்டியை நிறுத்திவைத்து லீவரை அமுக்கிப் பார்த்து வாங்குகிறவர், பலம் குறைந்ததையே நல்ல பிரேக் என்று தேர்ந்தெடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது.

இதில் கவலை தருவது உதிரிபாகக் கலப்பு. ஷிமானோ 1996-இல் 'வி-பிரேக்' என்ற பெயரில் கொண்டுவந்த நீண்ட கை கொண்ட பிரேக்குக்கு வயரை அதிக தூரம் இழுக்க வேண்டும். அதற்கென வரும் லீவர், பழைய கேலிப்பர் பிரேக்கின் லீவரைவிட ஏறக்குறைய இரு மடங்கு வயரை இழுக்கும். உடைந்த லீவருக்குப் பதில் கைக்குக் கிடைத்ததை மாட்டும்போது இரண்டும் மாறிப்போகின்றன. வி-பிரேக் லீவரைக் கேலிப்பரில் மாட்டினால் பிடி அருமையாகக் கெட்டிப்படும். ரிம்மில் விழும் அழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கேலிப்பர் லீவரை வி-பிரேக்கில் மாட்டினால் அழுத்தம் கூடும். ஆனால் கட்டை கொஞ்சம் தேய்ந்ததும், அது ரிம்மை இறுக்குவதற்குள் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். இறக்கத்தில் இது உயிருக்கே ஆபத்து.

வயர் மாட்டும் இடத்தை மாற்றிக்கொள்ளும் வசதி பல லீவர்களில் உண்டு. 'வி' என்ற எழுத்து வி-பிரேக்குக்கு. 'சி', 'ஆர்' மற்றவற்றுக்கு. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

நெம்புபலம் கூடிய பிரேக்கில் கட்டை சில மில்லிமீட்டர்தான் நகரும். ஆகவே அது ரிம்மை ஒட்டியே இருக்க வேண்டும். வீல் கோணலாக ஓடினால் அப்படி வைக்க முடியாது, ரிம் உரசும். உரசாமல் இருக்கக் கட்டையை விலக்கி வைத்தால், லீவரின் பாதி ஓட்டம் அந்த இடைவெளியைக் கடப்பதிலேயே தீர்ந்துவிடும். எனவே பிரேக் வேலை தொடங்க வேண்டிய இடம் வயர் அல்ல, போக்ஸ் கம்பி. முதலில் கோட்டம் எடுத்து, பிறகு கட்டையை ரிம்முக்கு நேராக நிறுத்தி, கடைசியாக வயரை இழுத்துக் கட்ட வேண்டும். வயரை மட்டும் இறுக்கித் தருவது பாதி வேலைகூட ஆகாது.

அடுத்தது, 'நிறுத்தும் திறன் சோதிக்கப்பட்டது' என்ற அறிவிப்பு. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் சோதிக்கப்படும் கைப்பிரேக் சைக்கிள் 4.57 மீட்டருக்குள் நிற்க வேண்டும். கடுமையான அளவுதான். ஆனால் அந்தச் சோதனை உலர்ந்த, சுத்தமான, வழவழப்பான தளத்தில் நடப்பது. பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 4210 நனைந்த நிலையிலும் சோதிக்கச் சொல்கிறது; அதற்கு வேகத்தை 25 கி.மீ.யிலிருந்து 16 கி.மீ.யாகக் குறைத்துக்கொள்கிறது. மழையில் எல்லோரும் அப்படி வேகத்தைக் குறைப்பதில்லை.

நனைந்த ரிம் எவ்வளவு மோசம் என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1970களின் தொடக்கத்திலேயே அளந்திருக்கிறார்கள். டேவிட் கார்டன் வில்சனின் 'பைசைக்கிளிங் சயன்ஸ்' நூல் அதை விவரிக்கிறது. குரோம் பூசிய இரும்பு ரிம்மில் சாதாரண ரப்பர் கட்டையின் உராய்வு, தண்ணீர் பட்டதும் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. பிரேக்கை முழுதாகப் பிடித்தபடி சக்கரம் சராசரியாக 30 சுற்று சுற்றிய பிறகே உராய்வு ஏறத் தொடங்கியது. பெரியவர்களின் சைக்கிள் சக்கரத்துக்கு 30 சுற்று என்றால் 60 மீட்டருக்கு மேல். நம் தெருக்களில் இன்றும் பளபளக்கும் குரோம் ரிம் வண்டிகள் ஏராளம். அலுமினிய ரிம் மழையில் இவ்வளவு கைவிடாது. புதிதாக வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். இருக்கும் வண்டியோடு சமாளிக்க வேண்டியவர், சிக்னலுக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மிலுள்ள தண்ணீரை வழித்துவிட வேண்டும்.

மற்ற கேள்விகள்:

எந்தக் கட்டை? அலுமினிய ரிம்முக்கு மழைக்கென வரும் மென்மையான ரப்பர்; குரோம் ரிம்முக்குத் தோல் பதித்தது, அதை அலுமினியத்தில் போடக் கூடாது.

கீச்சென்று கத்தினால்? கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஒரு மில்லிமீட்டர் முன்னதாக ரிம்மைத் தொடும்படி திருப்ப வேண்டும்.

கட்டை டயரைத் தொட்டால்? உடனே இறக்க வேண்டும், டயர் கிழியும். மிகவும் இறக்கினால் கட்டை போக்ஸுக்குள் நழுவும்.

கியர் வயரின் அவுட்டரை பிரேக்குக்குப் போடலாமா? கூடாது, அழுத்தத்தில் பிளந்துவிடும்.

முன் பிரேக் குப்புறத் தள்ளுமா? முரட்டுத்தனமாகப் பிடித்தால் தள்ளும். ஆனால் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்கு மாறுவதால், பின் பிரேக்கைவிட அதுவே வண்டியை விரைவாக நிறுத்தும்.

ரிம்முக்கு எண்ணெய்? ஒரு சொட்டும் வேண்டாம், ஸ்பிரிட் தொட்ட துணி போதும்.

ரிம்மை எப்போது மாற்றுவது? பக்கச் சுவர் விரலுக்குக் குழிவாகத் தட்டுப்பட்டால் இப்போதே. மெலிந்த சுவரை டயரின் காற்றழுத்தமே பிளந்துவிடும்.