மெத்தையும் உத்தரவாதமும்

இல்லத்துக்கு வாங்கும் பொருள்களுள் மெத்தையைப் போல் நெடுங்காலத்தை எண்ணி வாங்கப்படுவது அரிது. பத்தாண்டு உத்தரவாதம் உண்டு என்று கடைக்காரர் சொன்ன அளவில், பத்தாண்டும் கவலையின்றித் துயிலலாம் என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். மூன்றாம் ஆண்டில் நடுவே பள்ளம் விழுந்து முதுகு நோவத் தொடங்கும்போதுதான், பெட்டியில் கிடந்த உத்தரவாதச் சீட்டை முதன்முதலாகப் படிக்கிறோம். துன்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

முன்னாளில் நம் வீடுகளில் இலவம் பஞ்சு மெத்தையே வழங்கிற்று. பஞ்சு கட்டிப் போனால் உறையைப் பிரித்து, வெயிலில் உலர்த்தி, அடித்து மறுபடியும் தைத்துக்கொண்டோம். குறையிருப்பின் சாலைக் கடைத்தெருவுக்குச் சென்று விற்றவரையே நேரில் கேட்க முடிந்தது. இன்று வருவனவோ ரப்பர் பாலில் தோய்ந்த தென்னை நார் மெத்தையும், நுரை மெத்தையும், சுருள்வில் மெத்தையுமாம். இவற்றைப் பிரித்துச் சீர்செய்ய நம்மால் இயலாது. தென்னை நார்த் தொழிலுக்குப் பேர்பெற்ற ஆலப்புழை நமக்கு அண்மையில் இருந்தாலும், நம் முறையீடு செல்வதோ எங்கோ உள்ள ஒரு தொலைபேசி நிலையத்துக்கு.

அங்கிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையின. அசல் ரசீது எங்கே? வாங்கியவுடன் பெயரைப் பதிவு செய்தீர்களா? மெத்தை சமமான பலகைமேல் கிடந்ததா? கறை ஏதேனும் உண்டா? கறை இருப்பின், பள்ளத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லாவிடினும், உத்தரவாதம் செல்லாது என்று பல சீட்டுகளில் எழுதியிருக்கும். குழந்தைகள் உறங்கும் வீட்டில், வியர்வையும் மழைக்கால ஈரமும் மிகுந்த இவ்வூரில், கறையற்ற மெத்தை எத்தனை வீட்டில் இருக்கும்?

அடுத்து வருவது அளவுப் பரீட்சை. பள்ளம் குறித்த ஆழத்தை எட்டினாலன்றிக் குறையாகக் கொள்வதில்லை. அதையும் மெத்தைமேல் ஒருவரும் இல்லாதபோது அளக்கிறார்கள். படுத்தால் விழும் பள்ளம், எழுந்தால் பாதி நிமிர்ந்துவிடும். முதுகுக்குத் தெரிவது அளவுகோலுக்குத் தெரிவதில்லை.

இவ்வளவும் கடந்து வென்றாலும் கிடைப்பது என்ன என்பதையும் பார்க்கவேண்டும். 20,000 ரூபாய் மெத்தைக்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்றும், ஆண்டுதோறும் விலையில் பத்தில் ஒரு பங்கு கழியும் என்றும் சீட்டில் இருப்பதாகக் கொள்வோம். ஏழாண்டு சென்றபின் மெத்தை கெட்டால் நமக்கு வரவாவது 6,000 ரூபாயே. அதுவும் ரொக்கமாக அன்று. புதிய மெத்தையின் விலையில் தள்ளுபடியாகத் தருவதே பலரது வழக்கம். வண்டிக் கூலியும் பெரும்பாலும் நம்முடையதே.

ஆகவே பலர் சலித்துப்போய் விட்டுவிடுகின்றனர். அந்தச் சலிப்பினால் நேரும் நட்டம் முழுவதும் வாங்கியவரையே சேர்கிறது. வேலை நிமித்தம் ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு இத்தொல்லை இருமடங்கு. கோவையிலோ நாகர்கோவிலிலோ வாங்கிய மெத்தையைக் கரமனைக்குக் கொணர்ந்தபின், யாரிடம் போய்க் கேட்பது?

இவ்விடத்தில்தான் நம் குடும்பங்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எதிர்தரப்பினர் இருக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்குக்குக் காரணம் நேர்ந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடிந்தது. அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் இடத்திலோ, வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள ஆணையத்தையே நாடலாம் என்று அது வழிவகுத்தது. கோவையில் வாங்கிய மெத்தைக்குத் திருவனந்தபுரம் வழுதக்காட்டில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே நீதி கேட்கலாம்.

கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை ஆயின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றியும் தாமே வாதாடலாம். இணையத்தின் வழியாகவும் புகார் அளிக்கலாம். எதிர்தரப்பினர் 30 நாளில் விடையளிக்கவேண்டும். அதற்குமேல் 15 நாளே அவகாசம். இந்த 45 நாளுக்கு அப்பால் நீட்டிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் உறுதி செய்தது. மூன்று மாதத்தில், ஆய்வுக்கூடப் பரிசோதனை வேண்டுமாயின் ஐந்து மாதத்தில், தீர்ப்பளிக்க முயலவேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் இது நீளுவதும் உண்டு.

காலக்கெடு ஒன்றை மறக்கலாகாது. வழக்குக்குக் காரணம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் புகார் கொடுக்கவேண்டும். “நாளை ஆள் வருவார், அடுத்த வாரம் வருவார்” என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே அக்காலத்தைக் கழித்துவிடுதல் தவறு.

எல்லாப் பள்ளமும் உற்பத்திக் குறையன்று என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். இடைவெளி மிகுந்த கட்டில் சட்டத்தின்மேல் இட்ட மெத்தை தொய்வது இயல்பே. ஆதலின் நம் பக்கத்தைச் செம்மையாக வைத்துக்கொள்ளுதல் முதற் கடமை. வாங்கும்போதே பள்ளத்தின் அளவு என்ன, விலைக்கழிவு எவ்வாறு, வண்டிக் கூலி யாருடையது என்று கேட்டறிக. ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்பதை நினைவிற் கொள்க. ரசீது மை மங்கும் இயல்பினது; அன்றே படியெடுத்து வைக்கவும். முதல் நாளிலேயே மெத்தைக்கு மேலுறை இடவும். பள்ளம் தோன்றினால், குறுக்கே நேரான கழி ஒன்றை வைத்து, ஆழத்தை அளவுகோலால் அளந்து, தேதியுடன் படம் எடுக்கவும். பேச்சோடு நில்லாமல் மின்னஞ்சலாகவோ பதிவுத் தபாலாகவோ எழுதி, விடையைச் சேர்த்து வைக்கவும்.

எழுதியும் பயனில்லையேல், ஆணையத்துக்குச் செல்லுமுன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐ அழைக்கலாம். இச்சேவை தமிழிலும் உண்டு. மொழி தெரியாத ஊரில் யாரிடம் சொல்வது என்று தயங்கும் நம் இல்லத்துப் பெரியோர்க்கும் தாய்மார்க்கும் இது நல்ல துணை.

நம் அன்பர்களில் யாருக்கேனும் இத்தகைய சிக்கல் நேர்ந்திருப்பின், தாள்களை ஒழுங்காக அடுக்கித் தாமதமின்றி முறையிடுவாராக. உழைத்து ஈட்டிய பணத்துக்கு உரிய பொருளைக் கேட்பதில் கூச்சத்துக்கு இடமே இல்லை.