முகவரியோடு பிறக்கும் புரதங்கள்

பத்தாம் வகுப்பில் மைட்டோகாண்ட்ரியாவின் அமைப்பை நடத்திக்கொண்டிருந்தேன். வெளிச்சவ்வு, உட்சவ்வு, கிரிஸ்டே, மேட்ரிக்ஸ் எல்லாம் கரும்பலகையில் வரைந்தாயிற்று. மேட்ரிக்ஸில் அதற்கெனத் தனி டி.என்.ஏ.வும் தனி ரைபோசோம்களும் இருக்கின்றன என்று சொன்னதும் ஒரு மாணவி எழுந்தாள். "அப்போ அதுக்கு வேணும்கிற புரதத்தை எல்லாம் அதுவே செஞ்சுக்குமா டீச்சர்?"

"ஆமாம்மா, அதனாலதான் அதைப் பாதி தன்னாட்சி உள்ள நுண்ணுறுப்புன்னு சொல்றோம்" என்றேன். மணி அடித்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தப் 'பாதி' என்ற சொல் உறுத்தத் தொடங்கியது. மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது?

படித்துப் பார்த்தபோது பாதிகூட இல்லை என்று தெரிந்தது. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. வரிசை 1981-இல் முழுமையாக வெளியானது. 16,569 கார இணைகள், 37 ஜீன்கள். அவற்றில் புரதத்துக்கான குறிப்பைக் கொண்டவை வெறும் 13. அந்தப் பதின்மூன்றும் உட்சவ்வில் நடக்கும் எலக்ட்ரான் கடத்தலிலும் ஏ.டி.பி. உற்பத்தியிலும் பங்கெடுப்பவை. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வேலை செய்யும் புரத வகைகளோ ஏறத்தாழ 1,100. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருபவை. அவற்றின் ஜீன்கள் உட்கருவில் இருக்கின்றன. அவை தயாராவது சைட்டோபிளாச ரைபோசோம்களில். மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியும், மைட்டோகாண்ட்ரிய ரைபோசோமில் உள்ள புரதங்களும்கூட இப்படி வந்து சேர்பவைதாம்.

மறுநாள் வகுப்பில் நுழைந்ததும், "நேத்து நான் சொன்னது தப்பு" என்றுதான் ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அன்று வழக்கத்தைவிட அதிகமாகக் கேள்விகள் வந்தன.

முதல் கேள்வி நாம் எதிர்பார்ப்பதுதான். சைட்டோபிளாசத்தில் எல்லாப் புரதங்களும் கலந்து கிடக்கும்போது, எது மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போக வேண்டும், எது உட்கருவுக்குப் போக வேண்டும் என்று யார் பிரிப்பது? விடை, யாரும் பிரிப்பதில்லை. புரதம் தன் முகவரியைத் தன் உடலிலேயே சுமந்துகொண்டு பிறக்கிறது. அமினோ அமிலச் சங்கிலியின் ஒரு பகுதியே அந்த முகவரி. இந்தக் கருத்தை எண்டோபிளாச வலைக்குச் செல்லும் புரதங்களைக் கொண்டு நிறுவிய குந்தர் புளோபலுக்கு 1999-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மைட்டோகாண்ட்ரியாவுக்கான முகவரி பெரும்பாலும் சங்கிலியின் தொடக்கத்தில், 15 முதல் 50 அமினோ அமிலங்கள் நீளத்தில் இருக்கும். அது சுருளாக அமையும்போது அதன் ஒரு பக்கத்தில் நேர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்களும் எதிர்ப்பக்கத்தில் நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களும் வரிசைகட்டி நிற்கும். இதை அஞ்சல் குறியீட்டு எண்ணோடு ஒப்பிடுவது நம் வழக்கம். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அந்த ஒப்புமை ஓரளவுக்குத்தான் உதவும். கடிதத்தின் மேல் உள்ள எண்ணை ஒருவர் படித்துத்தான் பையில் போடுகிறார். இங்கே படிப்பதற்கு ஆள் இல்லை. நீரை வெறுக்கும் பக்கம் வெளிச்சவ்வில் உள்ள ஏற்பிப் புரதத்தின் பள்ளத்தில் பொருந்துகிறது. உட்சவ்வின் உட்பக்கம் எதிர்மின் தன்மை கொண்டது. அதனால் நேர்மின்னூட்டம் உள்ள முகவரி உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த மின்னழுத்த வேறுபாடு 150 முதல் 180 மில்லிவோல்ட். டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இயற்பியல் பாடத்தில் படித்த மின்னூட்டம் உயிரியல் பாடத்துக்குள் வேலை செய்வதை மாணவர்கள் காண இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. முகவரி உள்ளே போனதும் மேட்ரிக்ஸில் உள்ள ஒரு நொதி அதை வெட்டி எடுத்துவிடுகிறது.

முகவரி மட்டும் போதுமா என்பதைச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் காட்ஃபிரைட் ஷாட்ஸின் ஆய்வகத்தில் சோதித்தார்கள். சைட்டோபிளாசத்திலேயே தங்கிவிடும் ஓர் எலிப் புரதத்தின் முன்னால், மைட்டோகாண்ட்ரியப் புரதம் ஒன்றின் முகவரியை ஒட்டினார்கள். எந்தச் சம்பந்தமும் இல்லாத அந்தப் புரதம் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்ச் சேர்ந்தது. இது 1984-இல். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே புரதத்தோடு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். அந்த மருந்து புரதத்தை மடிந்த நிலையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இப்போது முகவரி இருந்தும் புரதத்தால் நுழைய முடியவில்லை.

இதை வகுப்பில் காட்ட ஊசியும் நூலும் போதும். நூலை நேராக நீட்டினால் ஊசிக்காதில் நுழையும். முடிச்சுப் போட்டால் நுனி நுழைந்த பிறகும் முடிச்சு வெளியே மாட்டிக்கொள்ளும். வெளிச்சவ்வில் உள்ள நுழைவாயிலின் அகலம் சுமார் 2 நானோமீட்டர்தான். எனவே மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் புரதம் மடியாத சங்கிலியாகவே நுழைந்து, உள்ளே போனபின் மடிய வேண்டும். செல்லின் இன்னொரு நுண்ணுறுப்பான பெராக்ஸிசோம் இதற்கு நேர்மாறு. முழுதாக மடிந்த புரதத்தை, ஏன், இரண்டு இரண்டாக இணைந்த புரதத்தைக்கூட அது அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும்.

அதே மாணவிதான் அடுத்ததையும் கேட்டாள். "முகவரி தப்பா இருந்தா என்ன ஆகும் டீச்சர்?"

இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லாமல் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். முன்பு செய்த தவறு நினைவில் இருந்தது.

நம் கல்லீரலில் ஏ.ஜி.டி. என்ற நொதி இருக்கிறது. அதன் இடம் பெராக்ஸிசோம். அங்கே உருவாகும் கிளையாக்ஸைலேட் என்ற பொருளை அது தீங்கற்ற கிளைசினாக மாற்றுகிறது. மாற்றாவிட்டால் கிளையாக்ஸைலேட் ஆக்சலேட்டாகி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகிவிடும். முதன்மை ஹைப்பர்ஆக்சலூரியா என்ற அரிய மரபு நோயின் முதல் வகை இதுதான். குழந்தைப் பருவத்திலேயே கற்கள் தோன்றிச் சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்கும் போகும். இந்நோயாளிகளில் பலருக்கு நொதி இல்லை அல்லது வேலை செய்யாது. ஆனால் ஒரு பகுதியினரின் கல்லீரலில் நொதி இருந்தது, வேலையும் செய்தது. இருந்த இடம்தான் வேறு. அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கிடந்தது. கிறிஸ்டஃபர் டான்பியூரும் அவருடைய குழுவினரும் 1989-இல் இதை வெளியிட்டார்கள்.

காரணம் இரண்டு சிறு மாற்றங்கள். சங்கிலியின் 11-ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் லூசின் வந்தால், தொடக்கப் பகுதி மைட்டோகாண்ட்ரிய முகவரியின் சாயலைப் பெறுகிறது. இது மட்டும் இருந்தால் பாதகமில்லை. ஆரோக்கியமான பலரிடமும் இந்த மாற்றம் உண்டு. புரதம் சட்டென்று மடிந்துவிடுவதால் ஏறத்தாழ 5 விழுக்காடே வழிதவறுகிறது. இதோடு 170-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினின் வந்தால் மடிவது தாமதமாகிறது. மடியாத சங்கிலிதான் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் என்று பார்த்தோமல்லவா? அந்தத் தாமதத்தில் சுமார் 90 விழுக்காடு அங்கே போய்விடுகிறது. இத்தகைய நோயாளிகள் பலருக்கு வைட்டமின் பி6 பயன் தருகிறது. (நாம் அன்றாடம் கேள்விப்படும் சிறுநீரகக் கற்களுக்குக் காரணங்கள் வேறு. இதை வகுப்பில் சொல்லிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது கல் இருந்தால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.)

பூனைக்கோ இதே நொதி மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதுதான் இயல்பு. முயலுக்கு நம்மைப் போலப் பெராக்ஸிசோமில். எலிக்கு இரண்டிலும். இறைச்சி உணவிலிருந்து கிளையாக்ஸைலேட் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவிலும், தாவர உணவிலிருந்து பெராக்ஸிசோமிலும் உருவாவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று விளக்குகிறார்கள்.

இவ்வளவையும் பத்தாம் வகுப்பில் சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். 13, 1,100 என்ற இரண்டு எண்களும் ஊசி நூலும் போதும். மற்றவை, யாராவது கேட்டால். எங்கள் வகுப்பில் அடுத்த கேள்வி ஏற்கெனவே வந்துவிட்டது: "பூனை மைட்டோகாண்ட்ரியாவும் நம்ம மைட்டோகாண்ட்ரியாவும் ஒண்ணுதானா டீச்சர்?" இந்த முறையும் ஒரு நாள் அவகாசம் வாங்கியிருக்கிறேன்.