காதுக்குள் மலை – 23: தேவிகுளத்தில் முதல் பாதி

போன வாரம் லண்டனில் விட்டேன். 2025 மார்ச் 8, ஈவென்டிம் அப்போலோ அரங்கம், ராயல் பில்ஹார்மோனிக் குழு, இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் சிம்பொனியின் நான்கு பகுதிகளையும் பிரித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். வேகமாக ஒன்று, நிதானமாக ஒன்று, ஆட்டத் தாளத்தில் ஒன்று, முடிக்க மறுபடி வேகம். பீத்தோவன், பிராம்ஸ் எல்லாம் புழங்கிய வீடு அது. இதுவரை எழுதினேன். அதற்குள் தேவிகுளம் வந்து பிடித்துக்கொண்டது.

1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். முதல்வரானபோது 126 இடங்களில் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தது 60. ஐந்து சுயேச்சைகள் முட்டுக்கொடுக்க, நாற்காலி நின்றது. அந்த நேரம் பார்த்து தேவிகுளத்தில் அந்தக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1958இல் இடைத்தேர்தல். தொகுதியெங்கும் தேயிலைத் தோட்டம், தோட்டமெங்கும் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களிடம் மலையாளத்தில் மேடைபோட்டு என்ன ஆகும்? இளையராஜாவின் அண்ணன், பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலையேறினார். ஜனங்களுக்குப் பழகிய மெட்டு, அதற்குள் கட்சிச் சேதி. ரோசம்மா மறுபடி ஜெயித்தார்.

அந்த அண்ணனின் குழுவோடு ஊர் ஊராய்ப் போய்த்தான் தம்பி ராசய்யா, அதாவது இளையராஜா, வாசித்துப் பழகினார். ஷோன்பெர்க்கின் ‘வார்சாவிலிருந்து தப்பியவன்’ என்ற யூதப் படுகொலை பற்றிய படைப்பை முதலில் வைத்து, பிறகு பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை வாசிப்பது மேற்கில் உண்டு. முதலில் அரசியல் குரல், அப்புறம் சிம்பொனி. நம் கச்சேரியில் முதல் பாதி தேவிகுளத்தில் நடந்து முடிந்துவிட்டது. இடைவேளைதான் 67 வருஷம் நீண்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் போகும்போது இதே நினைப்பு. கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலையில் திணறி ஏறியது. தேவிகுளத்துத் தோட்டங்களில் ஓட்டுக்காகப் பாட்டு ஒலித்த 1958இல், இந்தக் கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. ஜாகிர் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள் மலையாளி என்று பெயர்கொண்ட இந்த மலைப் பழங்குடிகள். ஜாகிர் ஒழிந்தது 1976இல். இந்த மலைக்கு ஒரு பாவலர் ஆர்மோனியம் தூக்கி வந்திருந்தால் என்று யோசித்தபடி, இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். கண்டக்டர், “சார், தூங்கிட்டீங்களா?” என்றார்.

ஆர்மோனியம் தூக்குவது லேசில்லை. என்னிடம் ஒரு பழசு இருக்கிறது. இடது கை துருத்தியை ஒரு நொடி மறந்தால் சுரம் முனகிச் செத்துவிடும். ஈரக்காற்று பட்டால் மரம் உப்பும்; அமுக்கிய கட்டை எழுந்திருக்காது; பாட்டு எங்கே போனாலும் ஒரே சுரம் கூடவே ஊளையிடும். போன மழைக்கு இங்கே மலையடிவாரத்திலேயே எனக்கு அந்தக் கதி. தேவிகுளத்து மூடுபனியில் அந்தப் பெட்டி என்ன பாடுபட்டிருக்கும்!

நான்கு பகுதிகள் அடுத்த வாரம். ஆசிரியர் இதைப் படித்துச் சிரிப்பார், சிரிக்கட்டும். என் பெட்டியில் ரிஷபக் கட்டை இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆர்மோனியம் பழுதுபார்ப்பவர் யாராவது இருந்தால் ஒரு கார்டு போடுங்கள்.